எவர்சில்வர் சிங்க்கும் இரண்டு ஆறுகளும்

பெங்களூரின் சமையலறைகளில் சிங்க்கின் மேல் படியும் வெள்ளைப் படலத்தை அழுக்கு என்று அழைப்பது முழுவதும் சரியாகாது. அது கரைந்து வந்த பாறை. நகரத்தின் அடியில் கிடக்கும் கடினப் பாறைகளின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கியிருக்கும் நீர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணற்றின் வழியே மேலே வருகிறது. பாத்திரம் கழுவி முடித்த பின் எஃகின் மேல் தங்கும் துளிகள் காய்கின்றன. நீர் காற்றோடு போய்விடுகிறது. அதில் கரைந்திருந்த சுண்ணம் கால்சியம் கார்பனேட்டாகி அங்கேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்புக் கல்லின் முதன்மையான பொருளும் இதுவே. ஒரு நாளைய படிவு கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதப் படிவை நகத்தால் சுரண்டினாலும் பெயராது.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம். நகரின் பல குடியிருப்புகளில் ஒரே குழாயில் மூன்று நீர்கள் மாறி மாறி வருகின்றன: காவிரி நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், டேங்கர் லாரி நீர். காவிரி நீர் ஒப்பீட்டளவில் மென்மையானது. அது பெங்களூரை வந்தடையும் வழி எளிதானதன்று. 1974இல் முதற்கட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, அரைக் கிலோமீட்டர் அளவு உயரத்துக்கு, மின்விசையால் மேலேற்றப்பட்டே அது நகரத்துக்கு வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் நீரைப் புறநகரின் 110 கிராமங்களுக்குக் கொண்டுசேர்க்கத் திட்டமிடப்பட்டது. அதே ஆண்டின் மார்ச் மாதத்தில் கிணறுகள் வற்றின; குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது; அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வணிக நிறுவனங்களும் குழாய் முனைகளில் நீரோட்டத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்தக் கோடையில் டேங்கர் நீரை நம்பியிருந்த வீடுகளில் சிங்க்குகள் வழக்கத்தைவிட விரைவாக வெளுத்ததில் வியப்பில்லை.

சிங்க் என்பதே தமிழ்ச் சமையலறைக்குப் புதியது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை பாத்திரங்கள் புழக்கடையில், கிணற்றடித் துவைகல்லின் அருகில், குந்தி அமர்ந்து துலக்கப்பட்டன. பித்தளைக்குப் புளி, எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பலும் சீயக்காய்த் தூளும், தேய்ப்பதற்குத் தேங்காய் நார். கழுவிய நீர் சிறு வாய்க்காலாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போயிற்று. எவர்சில்வர் வந்தபோது இந்த ஏற்பாடு கலைந்தது. புளி தேவைப்படாத உலோகம். கறுக்காது, களிம்பேறாது, ஈயம் பூச வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை எவர்சில்வர்த் தகடுகளை உருட்டத் தொடங்கிய காலத்திலேயே, தமிழ்நாட்டுத் திருமணச் சீர்வரிசைகளில் இந்த உலோகம் பித்தளையை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தது. ‘எவர்சில்வர்’ என்ற பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருந்தது: என்றும் வெள்ளி. அந்த வாக்குறுதியை அப்படியே நம்பியதில்தான் சிங்க்கின் இன்றைய துன்பங்கள் பலவும் தொடங்குகின்றன.

1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர், துப்பாக்கிக் குழாய்கள் உட்புறம் அரிந்துபோவதைத் தடுக்கும் எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய 13 விழுக்காடு குரோமியம் கலந்த ஒரு கலவை, எஃகை அரித்துச் சோதிக்கும் அமிலங்களுக்கு எளிதில் இணங்கவில்லை. அதன் மதிப்பைத் துப்பாக்கியில் காணாமல் உணவுக் கத்தியில் கண்டது அவருடைய கூர்மை. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெர்மனியின் குரூப் ஆலையில் நிக்கலையும் சேர்த்த வகை உருவாகியிருந்தது. இன்றைய நல்ல சிங்க்குகளில் பயன்படும் 304 வகை அந்த வழியில் வந்தது: ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல்.

இந்த எஃகு துருவுக்கு அசைந்து கொடுக்காத கல் போன்றதன்று. தோல் உடையது என்பதே பொருத்தம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு குரோமியம் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை, அந்தத் தோல் தானே வளர்ந்து மூடிக்கொள்கிறது. அதற்குப் பெரும்பகை குளோரைடு. உப்பு, பிளீச்சிங் பவுடர், கழிப்பறைக்கு விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகிய மூன்றிலும் அது உண்டு. குளோரைடு இந்தத் தோலை ஊசி முனை அளவில் துளைக்கிறது. துளைக்குள் ஆக்சிஜன் குறைவதால் தோல் மீண்டும் வளர்வதில்லை. குழி உள்நோக்கி ஆழமாகிறது. மேலே கரும்புள்ளியாகவோ பழுப்புப் புள்ளியாகவோ தெரிவது அதன் வாய் மட்டுமே. விலை குறைந்த சிங்க்குகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை எஃகு இருக்கும். அது இன்னும் விரைவில் குழிவிழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று கடைகளில் சொல்லும் சோதனை இங்கே உதவாது. 200 வரிசையிலும் காந்தம் ஒட்டுவதில்லை.

ஆழமாகச் சுத்தம் செய்வது என்றால் முதலில் எது எதன் மேல் படிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடியில் சுண்ணப் படிவு; அதன் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு எண்ணெய்ப் பிசுக்கு; சோப்பும் கடின நீரும் கூடித் திரியும் கசடு; இவற்றின் மேல், குறிப்பாக வடிதுளையைச் சுற்றி, வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலம். மேலிருந்து கீழாக, அதாவது எண்ணெயை முதலிலும் சுண்ணத்தைப் பின்னரும் நீக்குவதே முறை. எண்ணெயின் மேல் ஊற்றிய அமிலம் சுண்ணத்தைச் சென்று தொடாது.

சிங்க்கை முழுவதும் காலி செய்து, வடிதுளையின் சல்லடையைக் கழற்றி, தங்கியிருக்கும் சோற்றுப் பருக்கையையும் கறிவேப்பிலையையும் கையுறை அணிந்த கையால் எடுத்துக் குப்பையில் சேர்க்க வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் கொண்டு மென்மையான நாரால் தேய்க்கலாம். எஃகின் மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய வரிகள் உண்டு. அந்த வரிகளின் போக்கிலேயே கை ஓட வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் அடுத்த படிவுக்குப் பிடிமானமாகும். இரும்புக் கம்பி நாரைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துணுக்குகள் எஃகில் பதிந்து தாமே துருப்பிடிக்கும். ‘எவர்சில்வர் துருப்பிடிக்கிறது’ என்ற குறையில் ஒரு பங்கு இந்த இரவல் துரு.

சோப்பால் போகாத பிசுக்குக்கு ஆப்ப சோடா போதும். ஈரமான எஃகின் மேல் தூவி, பசைபோல் ஆக்கி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். அதன் துகள்கள் எஃகைவிட மென்மையானவை; அதன் காரத்தன்மை எண்ணெயைத் தளர்த்துகிறது. சோடா முழுவதும் கழுவப்பட்ட பிறகே அமிலத்தின் முறை. ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கவிடுவது பார்வைக்கு வேலை நடப்பதுபோல் இருக்கும். உண்மையில் ஒன்றையொன்று அழித்து, சோடியம் அசிடேட் கலந்த நீரே மிஞ்சுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினால் மட்டுமே இரண்டின் வேலையும் கிடைக்கும்.

சுண்ணத்துக்கு உரியவை மென்மையான அமிலங்கள்: வினிகர், அல்லது ‘எலுமிச்சை உப்பு’ என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தின் கரைசல். பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து, குழாயின் அடிப்பகுதி, சிங்க்கின் மூலைகள், வடிதுளையின் விளிம்பு ஆகிய இடங்களில் போர்த்திவிட வேண்டும். கார்பனேட் கரைந்து சிறு குமிழிகளாகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பாறையைக் கரைக்கும் வேலை என்பதால் அவசரம் கூடாது. பழைய படிவுக்கு அரைமணி நேரம், தேவையானால் இரண்டாம் முறை. சாறு பிழிந்த எலுமிச்சைத் தோலும் இதற்கு உதவும். உப்பைத் தொட்டுத் தேய்க்கும் பழக்கத்தை மட்டும் எஃகில் விட்டுவிடுவது நல்லது. வடிகுழாயில் கொதிக்கும் நீரை ஊற்றுவதும் நல்லதன்று. சிங்க்கின் கீழுள்ள வளைகுழாய்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். கொதிநிலைக்கு முன்பே அவை இளகத் தொடங்கும்.

எல்லாம் முடிந்த பின் வரும் செயலே பெங்களூருக்கு மிகவும் வேண்டியது. ஏராளமான நீரால் அலசுவதோடு நிறுத்தினால், அந்த நீரே அடுத்த படலத்தின் முதல் ஏடாகும். உலர்ந்த துணியால் சிங்க்கை ஒற்றித் துடைத்துவிட வேண்டும். ஒவ்வோர் இரவும் இந்த ஒரு நிமிடத் துடைப்பு நடந்தால், மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பெரிய வேலை பாதியாகக் குறையும். ஒழுங்காகச் சுத்தமான எஃகை அறிய உலோகப் பட்டறைகளில் ஓர் எளிய சோதனை உண்டு: மேலே ஊற்றிய நீர் முத்து முத்தாகப் பிரியாமல், கண்ணாடித் தகடுபோல் ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய் எஞ்சவில்லை என்று பொருள்.

இவ்வளவு பொறுமை பல வீடுகளில் இல்லை. அந்த இடத்தைக் கழிப்பறை ஆசிட் நிரப்புகிறது. மலிவானது, ஊற்றியதும் பொங்கும், ஐந்து நிமிடத்தில் வெள்ளை போய்விடும். எஃகின் தோலும் அதோடு போகிறது என்பது சில மாதங்களுக்குப் பிறகே தெரியும். அதே நாளில் பிளீச்சிங் பவுடரும் சிங்க்கில் விழுந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரலில் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரர்களின் மேல் ஏவப்பட்டது அந்த வாயுதான். சன்னல் சாத்திய சிறு சமையலறையில் அதன் முதல் மூச்சு, சிங்க்கின் மேல் குனிந்து நிற்பவருக்கே போகிறது. அந்த இடத்தில் குனிந்து நிற்பவர் பெரும்பாலும் வீட்டின் உரிமையாளர் அல்லர்.

வர்த்தூர்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில், மகனோடு வந்து தங்கியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அந்த வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணின் ஊர் ஓசூருக்கு அருகில். ஒரு சனிக்கிழமை, சிங்க்கைப் ‘பளிச்’சென்று ஆக்கச் சொல்லி ஆசிட் புட்டி எடுத்து வைக்கப்பட்டபோது, அந்தப் பெண் புட்டியைத் தொடாமல் தம் கைகளை நீட்டிக் காட்டினார். விரலிடுக்குகளில் தோல் வெடித்து, சிவந்து, சில இடங்களில் உரிந்திருந்தது.

“அம்மா, இது வேணாம்மா. நாலு வீட்லயும் இதையேதான் ஊத்தச் சொல்றாங்க. ராத்திரி சோறு பிசைஞ்சா காந்துது.”

“ஏம்மா, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீ?”

“சொன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்கம்மா.” சிறிது நேரம் கழித்து, அதிகம் முக்கியமில்லாத செய்தியைப் போல அவர் சேர்த்துச் சொன்னார்: “எங்க ஊரு கால்வாய்லயும் இப்பிடித்தாம்மா நுரை நுரையா வருது. தண்ணில எறங்கினா எங்க அண்ணனுக்குக் கால் அரிக்குது.”

ஆசிரியை புட்டியை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டில் எலுமிச்சை உப்பும் ரப்பர் கையுறையும் வந்தன. மாதம் ஒருமுறை செய்யும் அந்த ஒரு மணி நேர வேலைக்குத் தனிக் கூலியும் பேசி வைக்கப்பட்டது. இதில் பெரிய தியாகம் எதுவும் இல்லை. வீட்டு வேலைத் தொழிலாளருக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்த முதல் மாநிலம் கர்நாடகம், ஆண்டு 2004. வீட்டுப் பணியாளரின் கண்ணியமான பணிக்கான 189ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் ஏற்றுக்கொண்டது. இந்தியா அதை இன்னும் உறுதி செய்யவில்லை. சட்டம் ஊதியத்தைத் தொட்ட இடத்திலும், சிங்க்கில் எந்தப் புட்டி திறக்கப்படுகிறது என்பதை எந்த ஆய்வாளரும் வந்து பார்ப்பதில்லை. அது முழுவதும் வீட்டாரின் கையில் இருக்கிறது.

அந்தப் பெண் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு குறைகளுக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பு வரைபடத்திலேயே இருக்கிறது. பெங்களூர் ஒரு நீர்ப்பிரி மேட்டின் மேல் அமர்ந்த நகரம். மேட்டின் மேற்குச் சரிவில் விழும் கழிவுநீர், பசவனகுடியின் நந்தி கோயிலருகே தோன்றியதாகச் சொல்லப்படும் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, காவிரியைச் சேர்ந்து, ஒகேனக்கல் வழியே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கிழக்குச் சரிவின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் விழுகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் அந்த ஆறு தென்பெண்ணையாகிறது. பின்னர் கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. நூறு கிலோமீட்டர் தூரம் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட காவிரி நீர், சிங்க்கில் இறங்கிய பின், பெருமளவு இந்த இரண்டு ஆறுகளில் ஒன்றின் வழியே தமிழ்நாட்டின் வயல்களை நோக்கித் திரும்புகிறது.

பெல்லந்தூர் ஏரியில் நுரை தெருவரை எழுந்து பறந்ததையும், 2015இலும் 2017இலும் 2018இலும் ஏரிப்பரப்பில் தீப்பற்றியதையும் உலகமே பார்த்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு வரும் சலவைப் பொருள்களே நுரைக்கு அடிப்படை. அவை ஏரியின் அடிச்சேற்றில் தேங்கி, பெருமழை கலக்கும்போது மீண்டும் நுரையாக எழுவதை இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். மழைக்குப் பின் கெலவரப்பள்ளியின் மதகுகளுக்குக் கீழே வெள்ளை மலையாக நிற்கும் நுரையை ஓசூர்ப் பகுதி மக்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். ஆலைக் கழிவுகளும், போதாத சுத்திகரிப்பு நிலையங்களும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ஒரு சமையலறையின் பொறுப்பை மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் நகரத்தின் கழிவுநீர் என்பது வீட்டுக் குழாய்களின் கூட்டுத்தொகையே அன்றி வேறொரு மூலத்திலிருந்து ஊறுவதன்று.

எண்ணெயின் கதையும் இதைப் போன்றதே. பொரித்த எண்ணெயும் குழம்பின் நெய்யும் கழிவுநீர்க் குழாயில் குளிர்ந்து, நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து, சோப்பைப் போல் இறுகிவிடுகின்றன. 2017இல் லண்டனின் வொயிட்சேப்பல் தெருவின் கீழே, 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்ட அத்தகைய கொழுப்புப் பாறையைத் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு துண்டு பின்னர் அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டது. இந்திய நகரங்களில் குழாய் அடைத்துக்கொண்டால் அதற்குள் யார் இறக்கப்படுகிறார் என்பது அனைவரும் அறிந்ததே. மனிதரைக் கொண்டு கழிவை அகற்றுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னும் சாவுகள் நிற்கவில்லை. எண்ணெய்த் தட்டைச் சிங்க்கில் இடுவதற்கு முன் பழைய செய்தித்தாளால் துடைத்தெடுப்பது அற்பச் செயலாகத் தோன்றலாம். சோப்பின் அளவு அங்கேயே குறைகிறது, குழாயும் அடைபடாது.

புழக்கடை வாழை இனித் திரும்பி வரப்போவதில்லை. ஆறாம் மாடியில் அதற்கு இடமில்லை. ஆனால் அரிசி களைந்த நீரையும் காய்கறி அலசிய நீரையும் ஒரு வாளியில் பிடித்துச் சன்னலோரத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்ற முடியும். சிங்க்குக்குள் செல்வது சோப்பு நீர் மட்டும், அதுவும் அளவோடு. எஃகின் தோலைக் காக்கும் முறை எதுவோ, அதுவே துலக்குபவரின் தோலையும் காக்கிறது. கெலவரப்பள்ளிக் கால்வாயில் இறங்கி நிற்பவரின் கால்களுக்கும் அதுவே நல்லது. மூன்றுக்கும் வேண்டியவை ஒரு பிடி எலுமிச்சை உப்பு, அரைமணி நேரப் பொறுமை, ஓர் உலர்ந்த துணி, அந்த வேலைக்கு உரிய கூலி.